நாலாம் கியர் மாமனார்

காத்தில குளிர்ற எஞ்சின் வைச்ச கார் திருத்திற தொழிலுக்கு ரெண்டு விசயம் வேணும்: காரைக் கேக்கிறதுக்கு ஒரு காது, கார்க்காரரிட்ட வாய் குடுக்காமல் இருக்கிறதுக்கு ஒரு பொறுமை. காது எனக்குக் கடவுள் தந்தவர். பொறுமை குடுக்கிற அண்டைக்கு நான் வரிசையில நிண்டு ஆரையோ நடிச்சுக் காட்டிக்கொண்டிருந்திருப்பன் போல, கிடைக்கேல்லை.

புதுக்குடியிருப்பில என்ர கராஜ். நானும் வேலு அண்ணையும்தான். வேலு அண்ணை மலைநாட்டில இருந்து வன்னிக்கு வந்து கனகாலம், ஆனா பேச்சு இன்னும் அங்கத்தைய பேச்சு. எங்களிட்ட வாறது முக்கால்வாசியும் ஆமைக் கார். தெரியுந்தானே, முதுகு வளைஞ்சு, எஞ்சின் பின்னுக்கு, சாமான் வைக்கிற பெட்டி முன்னுக்கு. ரேடியேற்றரும் இல்லை, தண்ணியும் இல்லை. எஞ்சின் சுத்தினாத்தான் உள்ளுக்கிருக்கிற காத்தாடி சுத்தும், காத்தாடி சுத்தினாத்தான் எஞ்சின் குளிரும். இந்த ஒரு கதையை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே என்ர தலைமயிர் கொட்டுண்டது. கஸ்டமரோட மாரடிக்கிற சனம், தையல்காரர், சலூன்காரர், பல்லுப் பிடுங்கிற டொக்டர்மார், எல்லாரும் கிட்ட வந்து இருங்கோ. என்ர வாயால நான் ஒரு கலியாணத்தையே துலைக்கப் பாத்த கதை, உங்களுக்குத்தான் விளங்கும்.

நாலைக் கண்டால் விடமாட்டார்

விசுவமடுத் தில்லையம்பலத்தார் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற மனிசன். ஒரு வெள்ளை ஆமைக் கார் வைச்சிருக்கிறார். பெற்றோலுக்கு வரிசையில படுத்துக் கிடந்த காலத்தில ஆரோ அவருக்குச் சொல்லிப்போட்டான், பெரிய கியரில போனாக் கார் பெற்றோல் குடிக்காதெண்டு. வரிசை முடிஞ்சுது, சனம் மறந்திட்டுது, இவர் மறக்கேல்லை. வீட்டுப் படலை தாண்ட முதல் ரெண்டு, ஒழுங்கை முடிய மூண்டு, றோட்டில ஏறினவுடன நாலு. பேந்து நாலுதான். மாடு குறுக்க வந்தாலும் நாலு, பள்ளம் வந்தாலும் நாலு, கோயிலைச் சுத்தி வந்தாலும் நாலு. கார் டொக்கு, டொக்கு, டொக்கு எண்டு இருமிக்கொண்டு வரும். அவர் சந்திக்கு வந்திட்டார் எண்டு எனக்குக் கராஜுக்குள்ள இருந்தே தெரியும்.

திரும்பத் திரும்ப ஒரே சிலிண்டரில வால்வு எரிஞ்சுதான் வருவார். ஒரு நாள் இருத்தி வைச்சுச் சொன்னன். "ஐயா, நாலாம் கியரில இருபதில போறது, ஒருத்தன்ர முதுகில நெல்லு மூட்டையையும் ஏத்திப்போட்டு, மூக்கையும் பொத்திப் பிடிக்கிற மாதிரி. எஞ்சின் மெல்லச் சுத்தினாக் காத்தாடியும் மெல்லத்தான் சுத்தும். பாரம் கூட, காத்துக் குறைய. வெந்துபோகும்." அதோட நிப்பாட்டியிருக்கலாம். நிக்குமோ வாய்? அவற்ர கார் ஏத்தத்தில ஏறுற மாதிரி ஒருக்கா இருமியும் காட்டினன். வேலு அண்ணை சிரிப்பை அடக்கேலாமல் பக்கத்தில நிண்ட காருக்குக் கீழ பூந்திட்டார். தில்லையம்பலத்தார் சிரிக்கேல்லை. எரிஞ்ச வால்வைக் கையில வாங்கி, விதைநெல்லுப் பாக்கிற மாதிரி அங்கால இஞ்சால திருப்பிப் பாத்திட்டுச் சொன்னார்:

"தம்பி, நீ சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனா பெற்றோல் வரிசையில படுத்தது நான், எஞ்சின் இல்லை."

பொட்டு வைச்ச மீற்றர்

உந்தக் காரைச் செய்தவன் எங்கட ஆக்களைப் பற்றி முன்னமே கேள்விப்பட்டிருக்கிறான். அதுதான் ஸ்பீடோமீற்றரில சின்னச் சிவப்புக் கோடு மூண்டு போட்டு வைச்சிருக்கிறான். முதலாம் கியரை இந்தக் கோடு மட்டும் இழுக்கலாம், ரெண்டாம் கியரை இது மட்டும், மூண்டாம் கியரை இது மட்டும், அதுக்குப் பிறகுதான் நாலு. எழுத்துத் தேவையில்லை, கோட்டைப் பாத்தாப் போதும். பள்ளிக்கூடத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் போன எனக்கே விளங்கினதெண்டாப் பாருங்கோவன்.

சரி, மனிசனுக்கு இதைக் காட்டுவம் எண்டு வெள்ளைக் காருக்குள்ள தலையை விட்டன். கோட்டைக் காணேல்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் கண்ணாடியில சந்தனம் வைச்சு, அதுக்கு மேல குங்குமம் வைச்சு, அடுத்த வரியம் பழசைத் துடைக்காமல் அதுக்கு மேல புதுசு வைச்சு, இப்ப தெரியிறது ரெண்டே ரெண்டு இலக்கம்: இந்த அந்தத்தில பூச்சியம், அந்த அந்தத்தில எண்பது. முள்ளு பூச்சியத்தில இருந்து வெளிக்கிட்டுச் சந்தனத்துக்குள்ள பூரும். பேந்து வீட்டை வந்து கார் நிண்டாப் பிறகுதான் வெளிய வரும். நான் ஒரு ஈரத்துணியை எடுத்தன். பின்னால இருந்து குரல் வந்துது:

"தம்பி, கையை எடு. அது வேகம் பாக்கிற இடமில்லை, சாமி பாக்கிற இடம்."

சுவிஸ் தம்பிக்கு வேகம் கூட்டினது

இப்பிடி மெல்லப் போறவர் ஒருத்தர் எண்டா, கெதியாப் போக ஆசைப்பட்டவன் இன்னொருத்தன். சுவிஸில இருந்து லீவில வந்த பெடியன், ஒரு சிவப்பு ஆமைக் கார் வாங்கிப்போட்டான். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா எனக்கு முன்னால வந்து நிப்பான். "அண்ணை, அறுபதுக்கு மேல போகுதில்லை. அங்க நான் நூற்றியிருபதில போறனான். கியர்பெட்டியில ஏதோ இருக்கு, ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ."

கழட்டாமல் ஏறி ஓடிப் பாத்தன். பரந்தன் றோட்டில கார் கொடி கட்டிப் பறக்குது. மூண்டில நல்லா இழுத்து நாலுக்குப் போட்டன், முள்ளு அறுபதைத் தாண்டி ஆடுது, பக்கத்தில இருந்த பெடியன் யன்னல் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறான். நிப்பாட்டிப்போட்டு மீற்றரில சின்னனா எழுதியிருக்கிறதைக் காட்டினன். "தம்பி, இது மைல். நீர் அறுபதில போனா, உங்கட கணக்கில நூறுக்குக் கிட்ட." ஒரு ஆணியும் திருகாமல் நான் வேகம் கூட்டிக் குடுத்த ஒரே கஸ்டமர் அவன்தான். சந்தோசப்படுவான் எண்டு பாத்தன். முகம் வெளிறிப் போச்சு.

"அண்ணை, இதை முதலே சொல்லியிருந்தா நான் பயந்திருப்பனே!"

தண்டம் கேட்டவன்

பயம் ரெண்டு நாளில போயிட்டுது. பேந்து பெருமை வந்திட்டுது. கிளிநொச்சி ரவுணுக்குள்ள என்னையும் ஏத்திக்கொண்டு வேகமாப் போக, பொலிஸ் கை காட்டிச்சுது. நான் எண்டா கடவுளே எண்டு கும்பிடுறன். இவன் சிரிச்சுக்கொண்டு இறங்குறான். "ஐயா, நான் எவ்வளவில வந்தனான்? எழுதித் தாங்கோ. வடிவா எழுதித் தாங்கோ. அங்க பெடியளுக்கு அனுப்பவேணும், ஒருத்தரும் நம்புறாங்களில்லை." பாருங்கோவன், தண்டம் வேண்டாம் எண்டு கெஞ்சின ஆக்களைத்தான் அந்த மனிசன் அதுவரைக்கும் கண்டிருப்பார்.

பொலிஸ்காரர் கையில இருந்த வேகம் பாக்கிற மெசினைப் பாத்தார். ஆமைக் காரைப் பாத்தார். பேந்தும் மெசினைப் பாத்தார். ஒருக்காத் தட்டிப் பாத்தார். எனக்கு அவற்ர சிங்களம் கலந்த தமிழ் நல்லாப் பிடிக்கும், இண்டைக்கும் கராஜில கேட்டா நடிச்சுக் காட்டுவன். மெல்லமாச் சொன்னார்:

"தம்பி, இந்த வாகனம் அப்பிடி போறது இல்லை. நம்ம மெசின்தான் சரி இல்லை. போங்க, போங்க."

காதில விழுந்த பொம்பிளை

ஒரு பின்னேரம் லொறி ஒண்டுக்குக் கீழ படுத்துக் கிடக்கிறன். றோட்டில ஒரு சத்தம். முதலாம் கியரில அளவா ஏறி, சரியான இடத்தில மூச்செடுத்து, ரெண்டு. பேந்து நல்லா ஏறி, அந்தரப்படாமல், மூண்டு. ஒரு இருமல் இல்லை. சத்தத்தில ஆளைத் தெரியுது, தில்லையம்பலத்தாற்ர வெள்ளைக் கார். ஆனா இப்பிடி ஒரு சத்தம் அதுக்குள்ள இருக்கெண்டு எனக்கே தெரியாது. மனிசன் செத்துப்போனார், காரை ஆருக்கோ வித்துப்போட்டினம் எண்டுதான் முதல் நினைச்சன்.

வெளிய வந்து பாத்தா மனிசன் உயிரோட இடப்பக்கம் இருக்கிறார். கண் ஒப்பரேசன் செய்து, ஒரு கண்ணில பஞ்சு. ஸ்ரியரிங்கில அவற்ர மகள் பவானி, விசுவமடுவில தையல் கடை வைச்சிருக்கிறவா. கார் கராஜுக்குள்ள திரும்பேக்கையும் தகப்பன் சொல்லிக்கொண்டு வாறார்: "பிள்ளை, இழுக்காதை, நாலுக்கு மாத்து, நாலுக்கு மாத்து." அவா பதறாமல், "ஓம் அப்பா, மாத்தீட்டன்" எண்டு சொல்லுறா. கியர்த் தடி ரெண்டில நிக்குது. நான் தடியைப் பாத்தன். நான் பாத்ததை அவா பாத்தா. மற்ற ஆக்கள் பூ, கடிதம் எண்டு காதலிப்பினம், எனக்கு வந்தது உந்த "மாத்தீட்டன்" எண்ட ஒரு சொல்லில.

மனிசன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் மெல்லக் கேட்டன், மீற்றர் முழுக்கச் சந்தனம், கோடு தெரியாது, எங்க மாத்திறதெண்டு எப்பிடித் தெரியும் எண்டு. அவா இதென்ன கேள்வி எண்ட மாதிரி என்னைப் பாத்திட்டுச் சொன்னா:

"தையல் மெசின் முக்கினா ஊசி முறியும், கார் முக்கினா வால்வு எரியும். முக்கிறது காதுக்குக் கேக்காதே?"

பின்னால நிண்டவர்

அண்டையில இருந்து எனக்கு ஒரே ஒரு யோசினை. பவானிக்கு விருப்பம், அது எனக்குத் தெரியும். ஒரு குறையும் இல்லாத காரை ஒயில் பாக்க எண்டு அடிக்கடி கொண்டு வந்தவா. ஆனா இந்த வாயை வைச்சுக்கொண்டு அந்த மனிசனிட்ட எப்பிடிப் பொம்பிளை கேக்கிறது? வேலு அண்ணை சொன்னார், "தம்பி, நான் போயி பேசுறேன். அதுவரைக்கும் நீ மட்டும் பேசாம இரு, போதும்." நானும் சத்தியம் பண்ணினன்.

சத்தியம் ரெண்டு நாள் தாங்கிச்சுது. மூண்டாம் நாள் கராஜில நாலைஞ்சு ஓட்டோக்காரர் கூடியிட்டாங்கள். "அண்ணை, ஒருக்காத் தில்லையம்பலத்தார் நாலாம் கியரில போறதைச் செய்து காட்டுங்கோ." கலைஞனைக் கேட்டா அவன் என்ன செய்யிறது? ஒரு பழைய ரயரில இருந்து, கழுத்தை நீட்டி, ஒரு கையால வேட்டித் தலைப்பைப் பிடிச்சு, "பிள்ளை, நாலுக்கு மாத்து" எண்டு அவற்ர குரல், டொக்கு டொக்கு எண்டு காரின்ர குரல், பேந்து வால்வு எரியிற குரல், எல்லாம் போட்டன். ஓட்டோக்காரர் உருண்டு சிரிச்சவங்கள் திடீரெண்டு சிரிப்பை நிப்பாட்டினாங்கள். ஒருத்தன் கைபேசியைப் பாக்கிறான், ஒருத்தன் வானத்தைப் பாக்கிறான். திரும்பினன். வாசலில தில்லையம்பலத்தார். கண்ணில பஞ்சு எடுத்தாச்சு, ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது. அண்டைக்கு நான் என்ர கலியாணத்தை அந்த ரயருக்குள்ளயே புதைச்சுப்போட்டன் எண்டு நினைச்சன். மனிசன் கிட்ட வந்து, நான் இருந்த ரயரைக் காலால ஒருக்காத் தட்டினார்.

"என்னை மாதிரி நடிச்சது பரவாயில்லைத் தம்பி. என்ர கார் அப்பிடிச் சத்தம் போடாது."

முதுகு காட்டின கார்

வேலு அண்ணை விசுவமடுவுக்குப் போய் என்ன கதைச்சாரோ, பவானி வீட்டில என்ன கதைச்சாவோ, மனிசன் ஓம் எண்டிட்டார். வால்வுக்கு இனி வெளிய அலையத் தேவையில்லை எண்டு யோசிச்சிருப்பார். ஆனா கட்டளை போட்டார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம், அதை விட்டா ஆடி, ஆடியில நல்ல காரியம் இல்லை. மாப்பிள்ளை தன்ர வெள்ளைக் காரிலதான் வரவேணும், அதுவும் நேரத்துக்கு வரவேணும். "நேரம் தவறினா வராதை. பிந்தி வந்த மாப்பிள்ளைக்கு என்ர பிள்ளையைக் குடுக்கமாட்டன்" எண்டு வேலு அண்ணையிட்டச் சொல்லிவிட்டவர். கலியாணத்துக்கு முதல் கியர்பெட்டியையும் ஒருக்காக் கழட்டிப் பாக்கச் சொன்னார்.

கழட்டிப் பூட்டினது வேலு அண்ணை. அந்தப் பெட்டிக்குள்ள கிறவுன் எண்டு பெரிய பல்லுச்சில்லு ஒண்டு இருக்கு. அதை ஒரு பக்கம்தான் பூட்டவேணும். மற்றப் பக்கம் பூட்டினாலும் வடிவா இருக்கும், மூடி மூடும், ஒரு குறையும் தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம்: நாலு கியரும் பின்னுக்குப் போகும், றிவேர்ஸ் மட்டும் முன்னுக்குப் போகும். அண்டைக்கு நான் ஐயர் அவசரத்தில மந்திரம் சொல்லுறதை நடிச்சுக் காட்டிக்கொண்டிருந்தன், வேலு அண்ணை சிரிச்சுச் சிரிச்சுப் பூட்டினவர். இதுக்கு மேல நான் சொல்லத் தேவையில்லை.

காரை எடுக்க வந்த தில்லையம்பலத்தார் ஏறி, சாமியைக் கும்பிட்டு, முதலாம் கியரைப் போட்டார். கார் பின்னுக்குப் போச்சு. வேற ஆள் எண்டா இறங்கியிருப்பான். இவர் ரெண்டைப் போட்டார். இன்னும் கெதியாப் பின்னுக்கு. மூண்டைப் போடக் கை போகுது, நல்ல காலம், அதுக்குள்ள பழைய ரயர்க் குவியல் வந்து மறிச்சுது. வேலு அண்ணை தலையில கை வைச்சுக்கொண்டு நிக்கிறார். மனிசன் மெல்ல இறங்கி, உடுப்பைத் தட்டி, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, கலியாணத்தில விருப்பமில்லை எண்டா வாயால சொல்லியிருக்கலாம். என்ர காரைக்கொண்டு சொல்லுவிக்கத் தேவையில்லை."

மாப்பிள்ளைக் கார்

எங்கட பக்கம் மாப்பிள்ளைக் காருக்கு ரெண்டு சட்டம். மாப்பிள்ளை தானே கார் ஓடக்கூடாது, பின்னுக்கு இருக்கவேணும். மாப்பிள்ளைக் காரைச் சொந்தக்காரர் ஒருத்தரும் முந்தக்கூடாது. பல்லுச்சில்லை மாத்திப் பூட்டி, முன்னுக்குப் போற காரா ஆக்கிக் குடுத்தாச்சு. கலியாணத்தண்டு காலமை அந்தக் கார் பூ மாலையோட என்ர வாசலில வந்து நிக்குது. அதை ஓட்டி வந்தது மாப்பிள்ளைத் தோழன், பவானியின்ர தம்பி குகன், வங்கியில வேலை. கார் பழகினது தகப்பனிட்ட. முன்னுக்கு அவன் தனிய, பின்னுக்கு நானும் என்னை வளத்த பெரியம்மாவும். எனக்குப் பட்டு வேட்டி, பட்டுச் சால்வை, தலையில தலைப்பாகை.

படலை தாண்ட முதல் ரெண்டு. ஒழுங்கை முடிய மூண்டு. றோட்டில ஏற நாலு. முன்னால ஒரு மோட்டச்சைக்கிளில வீடியோக்காரன் பின்பக்கம் பாத்து இருந்துகொண்டு, "ஸ்லோ அண்ணா, ஸ்லோ" எண்டு கை காட்டுறான். குகன் இன்னும் மெல்லப் போறான், ஆனா நாலிலதான். எஞ்சின் என்ர முதுகுக்குப் பின்னால இருமுது. ஒவ்வொரு இருமலும் என்ர நெஞ்சில விழுது.

"குகன், மூண்டுக்கு இறக்கும்."

"அத்தான், நீங்கள் மாப்பிள்ளை. சும்மா இருங்கோ. அப்பா குலுக்காமல் நாலில கொண்டு வரச் சொன்னவர்."

"எஞ்சின் வேகுதப்பன்!"

பெரியம்மா முழங்கையால இடிக்கிறா. "வாயை மூடிக்கொண்டு இரடா. பொம்பிளை வீட்டுக் கார்."

பின்னால ரெண்டு வான், ஒரு பஸ், முந்தேலாமல் ஊர்ந்துகொண்டு வருகுது. வைக்கோல் ஏத்தின ரெண்டு சில்லு உழவு மெசின், லான்ட் மாஸ்டர் ஒண்டு எங்களை முந்திச்சுது. அவன் சொந்தக்காரன் இல்லைத்தானே. கை காட்டி வாழ்த்திப் போட்டும் போறான். உடையார்கட்டு தாண்டக் கார் ஒரு பெரிய இருமல் இருமி, நிண்டுபோச்சு. திருப்பி ஸ்ராட் எடுத்தா எடுக்குதில்லை. குகன்ர கைபேசி அடிக்குது, தகப்பன்ர குரல் பின்னுக்கு எனக்கே கேக்குது: "எங்கயடா நிக்கிறியள்? ஐயர் மணிக்கூட்டைப் பாக்கிறார். நாலிலதானே வாறாய்?"

நான் இறங்கி ஓடிப்போய்ப் பின் மூடியைத் திறந்தன். வானில வந்த ஒரு சித்தப்பா தண்ணிக் கானோட ஓடி வாறார், ஊத்தினாக் குளிரும் எண்டு. அதே வானில வந்த வேலு அண்ணை பாய்ஞ்சு மறிச்சார். "ஐயையோ, ஊத்தாதீங்க, வெடிச்சிரும்!" சூட்டில பெற்றோல் பம்புக்குள்ளயே கொதிச்சு ஆவியாப் போகுது, எஞ்சினுக்குப் போய்ச் சேருதில்லை. அதுக்கு மருந்து ஈரத்துணி. துணிக்கு எங்க போறது? தோளில இருந்த பட்டுச் சால்வையைக் கான் தண்ணியில நனைச்சுப் பம்பைச் சுத்திக் கட்டினன். பெரியம்மா போட்ட சத்தத்தில வீடியோக்காரன் மோட்டச்சைக்கிளில இருந்து விழப் பாத்தான். கொஞ்சம் பொறுத்து, தள்ளி ஸ்ராட் எடுத்தம். எஞ்சின் பிடிச்சவுடன நான் குகனைப் பின்னுக்கு அனுப்பிப்போட்டு ஸ்ரியரிங்கில ஏறினன்.

"மாப்பிள்ளை ஓடக்கூடாதடா!"

"பெரியம்மா, இன்னும் குகன் ஓடினா நான் மாப்பிள்ளையே இல்லை."

தலைப்பாகை கூரையில இடிச்சுது, கழட்டிக் குகன்ர தலையில வைச்சன். மீற்றரில அண்டைக்கு வைச்ச புதுச் சந்தனமும் சேந்து எண்பதும் மறைஞ்சு போச்சு. காதால ஓடினன். முதலாம் கியர் மூச்செடுக்க ரெண்டு, ரெண்டு நல்லா ஏற மூண்டு. மூண்டில விட்டு இழுக்க இழுக்கக் காத்தாடி பாட்டுப் படிக்குது, சூடு இறங்குது. லான்ட் மாஸ்டர்காரனைத் திருப்பி முந்தினன், இந்தமுறை நான் கை காட்டினன். வீடியோக்காரன் ஸ்லோ எண்டு கத்திக் கத்திக் கண்ணாடியில சின்னனாப் போனான். கோயில் வளைவில ரெண்டுக்கு இறக்கி, மண்டப வாசலில நிப்பாட்டினன். பின்னால வந்து சேந்த வானில இருந்து சுவிஸ் தம்பி எட்டிப் பாத்துக் கேக்கிறான், "அண்ணை, நீங்கள் மைலில வந்தனீங்களோ, கிலோமீற்றரிலயோ?"

ஆலாத்தித் தட்டோட நிண்ட பொம்பிளையள் பின் சீற்றில தலைப்பாகையைக் கண்டு குகனுக்குச் சுத்தத் துவங்கியிட்டினம். நான் சால்வை இல்லாமல், கையெல்லாம் கறுப்போட, ஸ்ரியரிங்கில. தில்லையம்பலத்தார் வாசல் படியில. முகத்தில ஒரு சிரிப்பும் இல்லை. ஐயர்கூட மணியை நிப்பாட்டிப்போட்டார். மனிசன் காரைச் சுத்தி வந்து, யன்னலுக்குள்ள குனிஞ்சு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தினையாம் கியரில வந்தனி?"

என்ர வாய் ஆயத்தமா நிண்டுது. மூண்டு எண்ட சொல்லு, அதுக்குப் பின்னால எரிஞ்ச வால்வு எல்லாத்தின்ர கதை, அதுக்குப் பின்னால ஒரு நடிப்பு, எல்லாம் நாக்கு நுனியில வரிசையில நிக்குது. அப்பதான் அவற்ர தலைக்கு மேலால பாத்தன். பொம்பிளை வெளிக்கிடுத்திற அறை யன்னல் திரைச்சீலை கொஞ்சம் விலகி, மருதாணி போட்ட கை ஒண்டு வெளிய வந்து, நாலு விரலைக் காட்டுது. என்ர சீவியத்திலயே முதல் தரமா நான் வாயைப் பிடிச்சு நிப்பாட்டினன்.

"நாலில, மாமா."

மனிசன்ர முகம் விரிஞ்சுது. சனத்தைத் திரும்பிப் பாத்து, எல்லாருக்கும் கேக்கச் சொன்னார்:

"பாத்தியளே, என்ர சொல்லைக் கேட்டதாலதான் மாப்பிள்ளை நேரத்துக்கு வந்திட்டார்!"

இப்ப எங்கட வீட்டில எல்லாரும் நாலாம் கியரிலதான் போறம், கார் மட்டும் மூண்டில போகுது.